அம்மாக்கண்ணுவின் பித்தளை

டிக்கோயாவுக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பெரிய கங்காணி செல்லசாமியின் மனைவி அம்மாக்கண்ணுவை அறியாதவர் எவருமில்லை; விரும்பியவரும் எவருமில்லை. கூலியாட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், இரண்டாம் லயத்தின் கடைசிக் காம்பிராவான ஒற்றை அறையில் பிறந்தவள் அவள். பதினெட்டு வயது வரையில் கொழுந்து பறித்தவள். கங்காணிக்கு வாழ்க்கைப்பட்டு மேட்டு வீட்டுக்கு ஏறிய மறுநாளே, தான் ஏறி வந்த பாதையை மறந்துவிட்டாள். அதன்பின் லயத்தார் எவரேனும் அவள் வீட்டுக்கு வந்தால், மழையானாலும் படிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அவர்களுக்கென்று கைப்பிடி உடைந்த கோப்பைகள் இரண்டைத் தனியே கவிழ்த்து வைத்திருந்தாள். அவற்றில் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் என்று மட்டும் எவரும் சொல்லக் கேட்டதில்லை.

லயத்திலிருந்து வந்து அவள் வீட்டுக்குள் நுழையத் தகுதி பெற்றிருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது பித்தளை.

கங்காணி வீட்டில் விசேஷம் என்றால், அவருடைய ஆட்களாகப் பதிவான நாற்பது குடும்பங்களும் ஆளுக்கொரு பித்தளைப் பாத்திரம் கொண்டுவந்து வைப்பது வழக்கம். வெறும் பாத்திரத்தை வைப்பதில்லை. கொடுப்பவர் பெயர், லயம், விசேஷம், வருடம் ஆகியவற்றை அட்டனில் எழுத்து வெட்டுபவரிடம் கொடுத்து வெட்டுவித்துத்தான் வைப்பார்கள். அதைக் கணக்கப்பிள்ளை கையில் எடுத்து, சபைக்குக் கேட்கும்படி உரக்க வாசிப்பார். நாளெல்லாம் பிறர் ஏவிய வேலையைச் செய்து கிடந்த மனிதர்களுக்கு, தம் பெயர் ஒரு பந்தலில் ஒலிக்கும் அந்தக் கணம் பெரிது. நாற்பத்தொன்பதாம் ஆண்டில் அம்மாக்கண்ணுவின் ஒரே மகள் நாகலெட்சுமிக்குப் பூப்புச் சடங்கு நடந்தபோது, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சிவசாமியின் தாய் கருப்பாயி, இரண்டு மாதம் அரை வயிறு உண்டு ஒரு தாம்பாளம் வாங்கி வந்தாள். பெயர் வாசிக்கப்பட்டபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த ஆண்டே இறந்தும் போனாள்.

அந்தப் பாத்திரங்களில் அம்மாக்கண்ணு ஒருநாளும் சோறு பொங்கியதில்லை. லயத்துக் கை பட்டவை அல்லவா? தேயிலைப் பெட்டிகளில் அடுக்கிப் பின்னறையில் போட்டிருந்தாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டில் நாகலெட்சுமிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை தலவாக்கலையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தோட்டம் கங்காணிக்குக் கொடுத்துவந்த தலைக்காசு அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. செல்லசாமி மட்டும் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்தில் வாசலில் நின்று, கட்டளையிட எவருமில்லாமல் இருமிக்கொண்டிருப்பார். மாப்பிள்ளையின் தாய் பூரணியம்மாவுக்கு இது தெரியாமலில்லை. ஆயினும் அவர் சம்மதித்ததற்குக் காரணம் அம்மாக்கண்ணு சொன்ன ஒரு சொல். நாற்பது குடும்பமும் இன்னும் தங்கள் கைக்குள்தான் இருக்கின்றன, கல்யாணத்தன்று பெயர் வெட்டிய பாத்திரத்தோடு வரிசையாக வந்து நிற்கும், சம்பந்தி தம் கண்ணாலேயே பார்க்கலாம் என்று அவள் நிச்சயதார்த்தத்தில் அளந்திருந்தாள். பூரணியம்மாவும் அதைத் தம் உறவினர் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். கூடவே, மாப்பிள்ளைக்கு ஒரு றேடியோ வேண்டும் என்றும் கேட்டார்.

றேடியோவுக்குக் கையில் பணமில்லை. அம்மாக்கண்ணு பின்னறையைத் திறந்து பார்த்தாள். புதிய பாத்திரங்கள் வர இருக்கும்போது இடத்தை அடைத்துக்கொண்டு பழையவை எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. அவற்றைச் சாக்குகளில் கட்டினாள். பஸ் நிற்கும் இடம் வரையில் சுமந்துவரச் சிவசாமியையும் இன்னும் இருவரையும் அழைத்தாள். பாத்திரங்களுக்கு ஈயம் பூச வேண்டியிருக்கிறது என்றாள். அவர்கள் நம்பினார்கள். சிவசாமி தன் தாயின் தாம்பாளத்தைத் தானே தோளில் சுமந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அதற்குக் கூலியும் வாங்காமல் திரும்பினான்.

அட்டனில் பழைய பாத்திரங்களை வாங்கி விற்பவர் முனாப். அவர் சாக்குகளைக் கொட்டி, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

"கங்காணியம்மா, இந்தப் பேரெல்லாத்தயும் அராவித்தான் எடுக்கோணும். அராவினா நிறையில கொஞ்சம் போகும். அரம் போடுறவனுக்குக் கூலியும் இருக்கு."

பித்தளை இறாத்தல் கணக்கில் விலை போவது. நாற்பது பெயர்களையும் அராவினால் உதிரும் தூள் எவ்வளவு இருக்கும்? ஒரு கைப்பிடி இருக்கலாம். அந்தக் கைப்பிடித் தூளை விட்டுக்கொடுக்க அம்மாக்கண்ணுவுக்கு மனம் வரவில்லை.

"அராவ வேணாம் நானா. அப்படியே நிறுங்க. அதுகளுக்கு என்ன, வாசிக்கவா தெரியும்?"

லயத்தில் பிறந்த எதற்கும் எழுத்துத் தெரியாது என்பது அவளுடைய தீர்மானம். அவளுக்குத் தெரியாது, ஆகவே வேறு எவருக்கும் தெரியக்கூடாது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் திறந்து ஆண்டுகள் பல ஆகியிருந்ததையும், சிவசாமி அதில் மூன்றாம் வகுப்பு வரையில் படித்திருந்ததையும் அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவசாமி ஒரு வாளி வாங்க அந்தக் கடைக்குப் போனான். வாசலில் அடுக்கியிருந்த பாத்திரங்களுக்கிடையே தன் தாயின் பெயரைக் கண்டான். முதலில் வேறொரு கருப்பாயியாக இருக்கும் என்று நினைத்தான். இரண்டாம் லயம் என்றும், நாகலெட்சுமி சடங்கு என்றும் எழுத்துகள் தொடர்ந்தன. முனாப்பிடம் கேட்டான். முனாப் எதையும் மறைக்கவில்லை. நிறை குறையும் என்று அந்த அம்மா பெயர்களை அராவ விடாததையும், அதற்கு அவள் சொன்ன காரணத்தையும் அப்படியே சொன்னார். சிவசாமி வாளியை வாங்காமல் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் லயத்தார் ஒவ்வொருவராக அட்டனுக்குப் போனார்கள். முனாப்பின் கடையில் வேறெந்தச் சரக்கும் அவ்வளவு விரைவாக விலைபோனதில்லை.

ஒருநாள் அம்மாக்கண்ணு, லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் வந்தாள். விழும் நீருக்கடியில் பித்தளைக் குடங்கள் வரிசையாக இருந்தன. அவை எங்கிருந்து வந்தவை என்று அறிய அவளுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. எவரும் எதையும் ஒளிக்கவில்லை. அவள் ஒருத்தியைப் பார்த்து, குடம் பழையதா என்று கேட்டாள்.

"ஆமாங்கம்மா, பழசுதாங்க. ஈயம் பூசப் போயிருந்துச்சு. இப்பத்தான் வந்துச்சு."

மற்ற பெண்கள் குனிந்து சிரித்தார்கள். வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே கூனிக் குறுகியிருப்பாள். அம்மாக்கண்ணு சிறிது நேரம் யோசித்துவிட்டு, மனம் தேறி வீட்டுக்கு நடந்தாள். அவள் கண்டுபிடித்தது இதுதான்: கல்யாணத்துக்குப் பாத்திரம் வைக்க வேண்டிய கட்டாயம் இருப்பதால், மலிவாகக் கிடைத்ததை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"அதே கொடத்த நமக்கே கொண்டாந்து வைப்பாங்க பாருங்க," என்று கணவரிடம் சொன்னாள். "வேற எங்க போவாங்க? வைக்கட்டும். மறுபடியும் வித்தாப் போச்சு."

செல்லசாமி இருமினார்.

கல்யாணத்தன்று பந்தல் நிறைந்திருந்தது. தலவாக்கலையிலிருந்து வந்த உறவினரைப் பூரணியம்மா முன்வரிசையில் அமர்த்தி, இனிமேல்தான் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதுச் சேலையும் புது நிமிர்வுமாக அம்மாக்கண்ணு நின்றாள். றேடியோ மாலையோடு ஒரு மேசைமேல் இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் கணக்கப்பிள்ளை மணமேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். பந்தல் அமைதியாயிற்று.

லயத்தார் வந்தார்கள். ஒருவரும் குறையவில்லை. நாற்பது குடும்பமும், நன்றாகத் துவைத்து உடுத்து, அவள் அளந்தபடியே வரிசையாக வந்தன. முன்னால் வந்த சிவசாமி ஒரு புதுச் செம்பை இரு கைகளாலும் ஏந்தி வைத்துவிட்டுக் கும்பிட்டான். கணக்கப்பிள்ளை அதை எடுத்தார், சுற்றிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். பளபளவென்றிருந்த செம்பில் ஓர் எழுத்தும் இல்லை.

"பேரு எங்கப்பா?" என்றார்.

சிவசாமி அம்மாக்கண்ணுவைப் பார்த்தே பதில் சொன்னான். குரலில் பணிவு குறையவில்லை.

"வெட்டலீங்க. பேரு இருந்தா விக்கிறப்ப அம்மாவுக்குக் கரைச்சல். இப்ப அராவ வேண்டியதில்ல, நிறையும் கொறையாது. அப்படியே குடுத்துறலாம்."

அடுத்து வந்தவள் ஒரு செம்பை வைத்தாள். அதிலும் பெயரில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே கடை. நான்காவது செம்புக்குப் பிறகு கணக்கப்பிள்ளை எடுத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வரிசை நகர்ந்துகொண்டேயிருந்தது. பித்தளை தரையில் படும் ஓசை மட்டும் கேட்டது.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மாக்கண்ணுவின் உதடுகள் அசைந்தன. இவர்களெல்லாம் கொழுப்பெடுத்தவர்கள் என்பது போல ஏதோ சொல்ல முயன்றாள். பூரணியம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவர் கோபப்படவுமில்லை. கோபம் சமமானவர்மேல் வருவது. குவிந்துகொண்டிருந்த செம்புகளை ஒருமுறை பார்த்தார். பிறகு சம்பந்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"இதையெல்லாம் பஸ்ஸுல யாரு தூக்கிட்டுப் போறது? நீங்களே வித்துக் காசாக் குடுத்துருங்க சம்பந்தியம்மா. அதான் பழக்கமாமே. எந்தக் கடைங்க அது?"

அம்மாக்கண்ணு மகளைப் பார்த்தாள். நாகலெட்சுமி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் றேடியோவுக்குப் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டிருந்தார். பதில் வரும் வரையில் பூரணியம்மா அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அட்டன்ல... முனாப் நானா கடை," என்றாள் அம்மாக்கண்ணு.

மிகவும் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால், பெயர்கள் வாசிக்கப்படுவதைக் கேட்பதற்காகப் பந்தல் முழுவதும் இன்னும் வாய் மூடியே காத்திருந்ததால், அது கடைசி வரிசை வரையில் கேட்டது.