என் மகளுக்குச் சுரந்த பால்

சாட்சி சொல்வதற்கென்று நான் உங்கள் முன் நிற்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கலியாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவள், வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு இதே இடத்தில் நின்று, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று அழுதுகொண்டே சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். என் கணவர் ஜெயன் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். சந்தோஷத்தில் அழுதால் அவர் அப்படித்தான்.

அந்தப் பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை.

காஸுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. சித்திரை மாதம். நிறைமாதப் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. இரத்தம் நிற்காதபடியால் என் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். டொக்டர்மாரில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்கள். மயக்கம் தெளிந்த பிறகு பிள்ளையைப் பார்க்கத் தந்தார்கள். பெண்பிள்ளை. தலை நிறைய முடி. ஜெயனின் மூக்கு. ஜெனிற்றா என்று பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரைப் பெட்டியின் மேல் மட்டும்தான் எழுதினோம்.

மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது.

ஆண்களும் இருக்கிற இடத்தில் இதைக் கதைக்க வெட்கம்தான். ஆனால் இதைச் சொல்லாமல் என்னிடம் சாட்சி இல்லை. பால் வற்றுவதற்குக் குளிசை தந்தார்கள். நான் விழுங்கவில்லை. ஜெயன் பார்க்காத நேரம் யன்னலால் வீசிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திராது. அவளுக்கென்று என்னிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். வலி தாங்க முடியாமல் போகும்போது குளியலறைக்குள் போய்ப் பீச்சி ஊற்றுவேன். ஊற்றிவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுவேன்.

சபைக்கு வரவில்லை. யார் முகத்தைப் பார்ப்பது? கர்த்தர் தந்தார் என்று மேடையில் சொன்னவள் நான்தானே. வீடு தேடி வந்த ஒரு சகோதரி, விசுவாசத்தில் எங்கேயாவது குறை இருந்திருக்கும், யோசித்துப் பார் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு மாதம் அதைத் தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் திறக்காது. திறந்தால், "ஏன்?" என்ற ஒரு சொல்தான் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது.

வைகாசி மாதக் கடைசியில் ஒரு நாள் அலுமாரியைத் திறந்து, ஒன்பது வருடமாகச் சேர்த்த சின்னச் சட்டைகள், தொப்பிகள், நுளம்பு வலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு நம்முடைய சபை நடத்துகிற உதவி நிலையத்துக்குப் போனேன். கொடுத்துவிட்டு உடனே திரும்பி வருவதுதான் என் எண்ணம். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் சாந்தி அக்கா பையை வாங்கினார். திறந்து பார்த்தார்.

"வந்த நீ இரி. பருப்புக் கட்ட ஆள் இல்ல" என்றார்.

நான் இருந்தேன். அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பருப்பை நிறுத்துப் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். வாசலில் வரிசை நின்றது. பாண்டிருப்பிலிருந்து வந்தவர்கள், கல்முனைக்குடியிலிருந்து வந்தவர்கள், பெற்றோல் இல்லாமல் ஓட்டோவை வீட்டில் நிறுத்திவிட்டு வந்த தகப்பன்மார். ஒருவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவர்களுக்கு என் கதை தெரியாது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஜெபிக்க முடியவில்லை. பருப்புக் கட்ட முடிந்தது.

நாலாம் நாள், பத்து மணியிருக்கும். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பிள்ளை ஒருத்தி கையில் குழந்தையோடு வந்தாள். பெயர் நஸீஹா. கல்முனைக்குடி. குழந்தை அவளுடையதல்ல, ராத்தா என்று அவள் கூப்பிடும் அக்காவுடையது. ராத்தா பர்ஸானாவுக்குப் பிள்ளை பிறந்த பிறகு இதயம் பலவீனப்பட்டு, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மூச்சுவிடும் குழாயோடு கிடந்தாள். அவளுடைய கணவர் அங்கேயே நின்றார். குழந்தைக்குப் பதினெட்டு நாள். பெயர் அய்மன்.

"சின்னப் பிள்ளைக்குக் குடுக்கிற மா ஒரு கடையிலயும் இல்ல. இங்க இரிக்கெண்டு சொன்னாங்க" என்றாள் நஸீஹா.

எங்களிடம் பெரிய பிள்ளைகள் குடிக்கிற பால்மாதான் இருந்தது. அதைப் பதினெட்டு நாள் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. சாந்தி அக்கா நாலைந்து இடத்துக்குப் போன் எடுத்தார். எங்கும் இல்லை. இருந்த மா முடிந்து, முந்தின நாள் தொடக்கம் சீனித் தண்ணீர்தான் கொடுத்ததாக நஸீஹா சொன்னாள். குழந்தை அழுதது. அதை அழுகை என்று சொல்ல முடியாது. பூனைக்குட்டியின் சத்தம் போல மெல்லியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. நான் பருப்புப் பையை நெஞ்சோடு பிடித்து மறைத்தேன். சாந்தி அக்கா கண்டுவிட்டார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, என்னட்டப் பால் இரிக்கு" என்று சொன்னது நான்தான். என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை.

நஸீஹாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் கண் நிறைந்தது. ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ராத்தாவின் கணவரான மச்சானுக்குப் போன் எடுத்தாள். அவர் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டார். சாந்தி அக்கா எங்கள் பகுதி மிட்வைஃபை அழைத்தார். அவர் என் கிளினிக் அட்டையை எடுத்துவரச் சொல்லி, இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரி என்று பார்த்துச் சொன்னார். அந்த ஒரு மணித்தியாலம் முழுக்கக் குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

போன் வந்தது. நஸீஹா கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"குடுக்கலாமாம் அக்கா. ஆனா குடுத்தா நீங்க அவனுக்குப் பால் தந்த உம்மா. இனி உங்களுக்குப் பிறக்கிற பிள்ளையள் அவனுக்குக் கூடப்பிறந்த மாதிரி. அவங்களுக்குள்ள கலியாணம் முடிக்க ஏலாது. அத உங்களிட்டச் சொல்லச் சொன்னாங்க."

"எனக்கு இனிப் பிறக்காது, தங்கச்சி" என்றேன்.

உடுப்புகள் அடுக்கிவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். அவன் வாய் வைத்தபோது எனக்கு வலித்தது. பிறகு வலி போனது. அவன் விழுங்கும் சத்தம் கேட்டது. நஸீஹா ஒரு பக்கம் அழுதாள், நான் ஒரு பக்கம் அழுதேன். இந்தச் சத்தத்தைத்தானே ஒன்பது வருடம் உம்மிடம் கேட்டேன், ஆண்டவரே, வேறொருத்தியின் பிள்ளையிடமிருந்தா கேட்கத் தருகிறீர் என்று மனதுக்குள் சொன்னேன். சித்திரைக்குப் பிறகு நான் கர்த்தரோடு கதைத்த முதல் வசனம் அதுதான். அதில் கோபமும் இருந்தது. ஆனால் கதைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனேன். பெற்றோல் இல்லாதபடியால் ஜெயன் சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு காலையில் கல்முனைக்குடிக்குக் கொண்டுபோய் விடுவார். மத்தியானம் நிலையத்தில் வேலை. நஸீஹா பிள்ளையை அங்கே கொண்டுவருவாள். பின்னேரம் மறுபடியும் அவர்கள் வீட்டுக்குப் போவேன். இரவுக்குப் போத்தலில் பீச்சி வைத்துவிட்டு வருவேன். நான் போனதும் நஸீஹா பாய் விரிப்பாள், தேத்தண்ணீர் வைப்பாள். பாங்கு சொன்னால் அதே அறையின் மூலையில் அவள் தொழுவாள். நான் இந்த மூலையில் பிள்ளைக்குப் பால் கொடுப்பேன். அவனுக்குக் கன்னம் வைத்தது. மணிக்கட்டில் மடிப்பு விழுந்தது. இடது பக்கமாகப் பிடித்தால்தான் நித்திரை கொள்ளுவான். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

இனி நான் சொல்லப் போவதை ஜெயனுக்கும் சாந்தி அக்காவுக்கும் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

புதன்கிழமைகளில் நிலையத்தில் பெண்கள் கூடி ஜெபிப்போம். ஒவ்வொரு புதனும் சாந்தி அக்கா பர்ஸானாவின் பெயரைச் சொல்லி, அவளுக்குச் சுகம் வேண்டும் என்று கேட்பார். எல்லோரும் ஆமென் என்பார்கள். நான் சொல்லவில்லை. ஒரு தடவையும் சொல்லவில்லை. அவள் சாக வேண்டும் என்று நான் கேட்டதில்லை. கர்த்தருக்கு அது தெரியும். ஆனால் அவள் வராவிட்டால் என்று ஒரு எண்ணம் என் மனதில் ஓரமாகக் குந்தியிருந்தது. நான் அதை எழுப்பி விரட்டவில்லை. அவன் என் மடியில் கிடக்கும்போது, இவனுக்கு என்னைத்தான் தெரியும் என்று நினைப்பேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. பிள்ளையை இழந்த வலி தெரிந்த நான், இன்னொரு தாய் வீடு திரும்பாமல் இருந்தாலும் பரவாயில்லை என்ற இடம் வரைக்கும் போயிருந்தேன்.

ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு காலை நஸீஹா வீட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பர்ஸானாவுக்குக் கடுமையாம். சொந்தக்காரரை வந்து பார்க்கச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டாராம். நஸீஹா புறப்பட ஆயத்தமாக நின்றாள். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"நாங்க துஆ கேக்கிறம். நீங்களும் உங்கட ஆண்டவரிட்டக் கேளுங்க, அக்கா. நீங்க இவனுக்குப் பால் தந்தவ. உங்கட கேள்வியத் தட்ட மாட்டார்."

அவள் என்னை அப்படி நம்பிக்கொண்டிருந்தாள். நான் ஒரு தடவையும் கேட்டதே இல்லை என்று அவளுக்குத் தெரியாது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன். உடுப்பு அறைக்குள் போய், அவனைத் துணி மூட்டையின் மேல் கிடத்திவிட்டு முழங்காலில் நின்றேன். முதலில் என் பாவத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரம் எடுத்தது. பிறகு கேட்டேன். கர்த்தாவே, அவளைத் திருப்பிக் கொடும். அவளிடம் இவனைத் திருப்பிக் கொடுக்க எனக்குப் பெலன் தாரும். முதல் பாதியைச் சொல்லிவிட்டேன். இரண்டாம் பாதியைச் சொல்ல முடியவில்லை. அவன் கால்களை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன். மூன்று தடவை முயற்சி செய்துதான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட எல்லா ஜெபத்திலும் பாரமான ஜெபம் அது.

பர்ஸானா அன்றைக்குச் சாகவில்லை. அடுத்த நாளும் சாகவில்லை. ஒரு கிழமையில் குழாயை எடுத்தார்கள். டொக்டர்மார் பாடுபட்டார்கள், அவளுடைய ஆட்கள் துஆக் கேட்டார்கள், நாங்களும் ஜெபித்தோம். யாருடைய ஜெபம் என்று நான் உரிமை கொண்டாட வரவில்லை. நான் கேட்டதைக் கர்த்தர் கேட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆவணி கடைசியில் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் சாய்ந்து இருந்தாள். எலும்பும் தோலும். பிள்ளையை அவள் கையில் வைத்தேன். அவன் அவளைப் பார்த்தான், வீரிட்டு அழுதான், என் பக்கம் தலையைத் திருப்பினான். அவளுடைய முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

குளிசைகள் பாவிப்பதால் அவளால் பால் கொடுக்க முடியாது. குழந்தைப் பால்மா அப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. சாந்தி அக்கா இரண்டு பேணி தேடி எடுத்துவைத்திருந்தார். ஆனாலும் பர்ஸானா என்னிடம், "நீங்க நிப்பாட்டத் தேவல்ல அக்கா. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்" என்றாள். அவள் உண்மையாகவே சொன்னாள். நான் இன்னும் ஒரு வருடம் போயிருக்கலாம். எனக்கு ஆசையாக இருந்தது.

ஐந்து நாள் போனேன். ஐந்து நாளும் அவன் என்னைக் கண்டால் தாயிடம் போக மறுத்தான். நான் வாசலில் கால் வைக்கும் வரைக்கும் அவளிடம் கிடப்பான், என் குரல் கேட்டதும் அழுவான். அவள் பிள்ளையை என்னிடம் நீட்டுவாள். ஆறாம் நாள் காலை நான் கடைசியாகப் பால் கொடுத்தேன். அவன் நித்திரையானதும் தாயின் பக்கத்தில் கிடத்தினேன்.

"இடப்பக்கமாப் பிடிங்க. அப்பதான் தூங்குவான். போத்தலக் கொஞ்சம் சூடாக் குடுங்க. இனி நான் வர மாட்டன்" என்றேன்.

பர்ஸானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்கு உங்கட மணம்தானே தெரியும்" என்றாள்.

நான் தோளில் போட்டிருந்த துவாயை எடுத்து அவளுடைய மடியில் விரித்தேன். அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. ஜெயன் சைக்கிளோடு ஒழுங்கையில் நின்றார். ஏறியதும் மிதித்தார். சந்தை தாண்டும் வரைக்கும் அழக்கூடாது என்று பிடித்துவைத்திருந்தேன். முடியவில்லை. வீட்டுக்கு வந்து நெஞ்சில் துணியை இறுக்கிக் கட்டினேன். இரண்டு கிழமையில் பால் வற்றியது. அந்தச் சித்திரையில் நான் என் மகளைப் புதைத்தேன். பால் வற்றிய நாள்தான் அவள் போய்விட்டாள் என்று என் உடம்பு ஒத்துக்கொண்டது.

இதையா சாட்சி என்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இன்றைக்கும் பிள்ளையில்லை. "ஏன்?" என்று நான் கேட்டதற்கு இன்றைக்கும் பதில் வரவில்லை. வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. ஆனால் நான் கேட்ட இரண்டும் கிடைத்தன. ஒரு தாய் வீடு திரும்பினாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டு வர எனக்குப் பெலன் கிடைத்தது. நான் கேட்டதைப் பெற்றுக்கொண்டதில் என் நெஞ்சு உடைந்தது. அப்படியும் ஒரு பதில் உண்டு என்று எனக்கு முன்பு யாரும் சொல்லித் தரவில்லை.

அய்மன் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறான். போன மாதம் பர்ஸானா அவனை நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். சின்னதாய்ப் போன அவன் உடுப்புகளைக் கொடுக்க வந்தாள். "இவதான் உனக்குப் பால் தந்த உம்மா" என்று சொன்னாள். அவனுக்கு என்னை நினைவில்லை. வெட்கப்பட்டுத் தாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவளுடைய அபாயாவை இறுக்கிப் பிடித்திருந்தான். நான் அன்றைக்குக் கேட்டது இதைத்தான். அதனால் ஸ்தோத்திரம் சொன்னேன். சொல்லும்போது அழுகையும் வந்தது.

நம் மத்தியில் இழந்தவர்கள் இருக்கிறீர்கள். கடைசி வரிசையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன். உங்களால் ஜெபிக்க முடியவில்லை என்றால் பரவாயில்லை, கர்த்தர் அதற்காக உங்களைத் தள்ளிவிட மாட்டார். திங்கட்கிழமை காலையில் நிலையத்துக்கு வாருங்கள். நான் அங்கே இருப்பேன். உங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். பருப்புக் கட்ட ஆள் போதாது.