அன்னெக்கே விட்டுவைத்த மூச்சு

1. இதை எழுதும் நான் யாழ்ப்பாணத்தில் சட்டம் பயின்றவன். சுவிஸில் ஆராவ் நகரில் வசிக்கிறேன். மொழிபெயர்ப்பும் சட்ட ஆலோசனையும் என் தொழில்.

2. நேரில் கண்டதையும் கேட்டதையுமே எழுதுகிறேன். பிறர் சொல்லி அறிந்ததை அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

3. அன்னெக்கே இறந்துவிட்டார். நாங்கள் சேர்ந்து வேலை செய்த ஆவணப்படத்தின் இயக்குநர் இன்று காலை தொலைபேசியில் சொன்னார்...

நண்பர்களில் அநேகர் அவரை அறிய மாட்டீர்கள். நெதர்லாந்துக்காரர், திரைப்பட எடிட்டர். இளவயதில் ஒரே ஒரு படத்தைத் தொகுத்துக் கொடுக்க இந்நாட்டுக்கு வந்தவர், பிறகு திரும்பிப் போகவேயில்லை என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

போர்த்துக்கேயம், அல்பானியம், துருக்கியம்... தமக்குத் தெரியாத மொழிகளில் மனிதர்கள் பேசுவதைத் தொகுப்பதே அவருடைய தொழில்வாழ்க்கையாக இருந்தது. கடைசியாகத் தமிழ்.

சுவிஸின் லா ஷோ-து-ஃபோன் நகரில் கடிகாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எங்கள் தமிழ்ப் பெண்களைப் பற்றிய ஆவணப்படம் அது. அவர்கள் பேசியதை வரிக்கு வரி ஜெர்மனில் சொல்வதற்காக என்னை அழைத்திருந்தார்கள்.

படத்தின் நடுவில் ஓர் அக்கா இருந்தார். தம் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரிலிருந்த தம்பியைப் பற்றிப் பேசியவர்.

அன்னெக்கே படப்பிடிப்புக்குப் போவதேயில்லை. கமெராவுக்கு வெளியே இருப்பதைக் கண்டுவிட்டால் தன்னால் எதையும் வெட்ட முடியாது என்பார். ஆகவே அந்த அக்காவை மாதக்கணக்கில் திரையில் மட்டுமே பார்த்தார்.

திரையிடலுக்கு நாள் குறித்த பிறகு அக்கா எனக்கு அழைப்பெடுத்தார்.

"சேர், என்னைப் படத்தில இருந்து எடுத்துவிடச் சொல்லுங்கோ. தம்பி வீட்டுக்கு ரெண்டு பேர் வந்து விசாரிச்சவையாம். உன்ர அக்கா அங்க கமெராவுக்கு முன்னால என்ன கதைச்சவா எண்டு கேட்டவையாம்."

உருவமும் குரலும் முழுமையாக நீக்கப்பட வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தேன். இயக்குநர் அழுதார்.

அன்னெக்கே அழவில்லை. "அந்தத் தம்பி உயிரோடு இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

ஆளை எடுத்தார், குசினியை எடுக்கவில்லை. அக்கா வந்து உட்காருவதற்கு முன்னும், எழுந்து போன பின்னும் கமெரா ஓடிக்கொண்டிருந்த துண்டுகளையெல்லாம் தேடிச் சேர்த்தார். அவர் உட்கார்ந்திருந்த கதிரை. அடுப்பில் கேத்தில். யன்னலுக்கு வெளியே பனி...

பிறகு என்னை அழைத்து ஹெட்போனைத் தந்தார்.

பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிவுசெய்வது அவர்கள் வழக்கம். வெட்டிய இடங்களுக்கு அடியில் அதை விரித்தால் வெட்டுத் தெரியாது.

பதிவின் தொடக்கத்தில், "பேசாம இருங்கோ எண்டால், தேத்தண்ணி ஆறுதெல்லோ?" என்ற அக்காவின் குரல். அதை அன்னெக்கே ஏற்கெனவே நீக்கக் குறித்திருந்தார். அதன் பின் மௌனம். அந்த மௌனத்தில் அக்கா மூச்சுவிடுவது கேட்டது.

"இது குரலா?" என்று அன்னெக்கே கேட்டார்.

சட்டப்படி இல்லை என்று என்னால் வாதிட முடியும். வாதிடவில்லை. அக்காவிடமே கேட்போம் என்றேன்.

அக்கா ரயிலேறி, ஆராவிலிருந்த அன்னெக்கேயின் எடிட்டிங் அறைக்கு வந்தார். அன்னெக்கே தேநீர்க் கோப்பையை அவருடைய இடக்கைப் பக்கம் வைத்தார், கைப்பிடியையும் அந்தப் பக்கம் திருப்பி.

அக்கா என் பக்கம் சரிந்தார். "நான் இடக்கை எண்டு இவாவுக்கு ஆர் சொன்னது?"

"இவ்வளவு மாதமும் உங்களைத்தானே அக்கா பார்த்துக்கொண்டிருந்தவா."

"என்ர மனுசனுக்கே இன்னும் பிடிபடேல்லை, சேர்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். "இது நானோ?"

"ஓம்."

"சளி இழுக்குது போல கிடக்கு. டொக்டரிட்டக் காட்டவேணும்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இது இருக்கட்டும் சேர். மூச்சை வைச்சு ஒருத்தரும் ஆளைப் பிடிக்கமாட்டினம். ஒண்டுமே இல்லாமப் போறதுக்கு... இது கிடக்கட்டும்."

திரையிடலன்று அந்த வெறும் கதிரை திரையில் நெடுநேரம் நின்றது. என் மனைவி பவானி திரும்பிப் பார்த்தார். "பின்னுக்கு ஆரோ இருக்கினமப்பா" என்றார்.

எனக்குக் காரணம் தெரியும். ஆயினும் நானும் திரும்பினேன். பின்வரிசையில் எவரும் இருக்கவில்லை.

அன்னெக்கேயின் பெயர் திரையில் வந்தபோது சனம் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்தது.

இன்று செய்தி கேட்ட பிறகு அந்தக் காட்சியைப் போட்டுக் கேட்டேன். அக்கா அந்த வீட்டை விட்டு மாறி வெகுகாலமாகிறது. கதிரை அப்படியே நிற்கிறது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது...

மேலும் கேட்க இயலாமல் நிறுத்திவிட்டு அக்காவுக்கு அழைப்பெடுத்தேன். செய்தியைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை நான் அறிவேன்.

"அவாவைப் பற்றி ஃபேஸ்புக்கில எழுதுவியளோ, சேர்?"

"எழுதுவன். உங்கட பேர் வராமல் பார்த்துக்கொள்ளுவன்."

"இல்லை. போடுங்கோ."

"அக்கா, போட்டால் பிறகு எடுக்கேலாது. எடுத்தாலும் ஆரும் பார்த்திருப்பினம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சிட்டன். தம்பி நோய் வருத்தத்தில செத்துப்போய் ரெண்டு வருசம். இனி எந்த வீட்டை போய் ஆரை விசாரிக்கப் போகினம்? அந்த மனுசி என்னைப் பத்திரமா ஒளிச்சு வைச்சவா. முழுப் பேரையும் போடுங்கோ."

வெளியிடுமுன் இப்பதிவைச் சாட்சிகள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

சென்று வாருங்கள், அன்னெக்கே.

ஒப்பம்:
ச. திருவருள், ஆராவ்

சாட்சிகள்:
பவானி திருவருள், ஆராவ்
யோகமலர் கனகரத்தினம், லா ஷோ-து-ஃபோன்