நடுவர் தொடாத றோல்ஸ்

தொண்ணூறுகளில் நாங்கள் டார்ம்ஸ்டாட்டில் இருந்தபோது, எங்கள் வீட்டில் செபமாலை என்றால் வாசலில் படிக்கட்டுவரை சப்பாத்துகள் குவிந்துவிடும். மாதா சுரூபம் வைத்திருக்கிற அறைக்குள் சப்பாத்தோடு யார் நுழைவார்? ஒரு ஞாயிறு, மேல்மாடி ஜேர்மன் கிழவர் அந்தக் குவியலில் தடுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். எங்களை வீட்டைவிட்டே எழுப்பாமல் ஓயமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனையோ அகதி முகாம் பார்த்துக் கடைசியில் கிடைத்த வீடு அது.

அங்கே கோர்ட்டுக்குப் போகுமுன் அயலவர் சண்டையைத் தீர்த்துவைக்க ஒரு நடுவர் இருப்பார். எங்கள் பகுதி நடுவர் ஒரு பெண்மணி. விசாரணை அவர் வீட்டு வரவேற்பறையில்தான். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதாவது என்று அம்மா இறைச்சிக்கறி வைத்துச் சுருட்டிய றோல்ஸைத் தட்டு நிறையப் பொரித்து எடுத்துக்கொண்டார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்கள். ஒன்பது வயதில் எனக்கு வாய்தான் பெரிது.

நடுவர் தட்டை வாங்கி, எல்லாம் முடியட்டும் என்று சொல்லித் தூரத்து அலுமாரிமேல் வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நிறத்தைப் பார்த்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராதவர்களோடு இவரையும் சேர்த்துவிட்டேன். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே தமிழாக்கினேன். கிழவரோ அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார், மணம் அப்படி.

நடுவர் இரண்டு பக்கத்தையும் விடவில்லை. படிக்கட்டில் சப்பாத்துகளைக் குவித்தது பிழை, அதற்காக ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டு எழுப்புவது அநியாயம் என்றார். இனிச் சப்பாத்துகள் வீட்டுக்குள்தான் என்று அப்பா ஒப்புக்கொண்டார். கிழவரும் இறங்கிவந்தார். எல்லோரும் கையெழுத்து வைத்த கையோடு தட்டு மேசைக்கு வந்தது. நடுவர் இரண்டு சாப்பிட்டார். கிழவர் கணக்கில்லாமல் சாப்பிட்டார்.

திரும்பும்போது ட்ராமில் நான் பொருமினேன். முதலிலேயே ஏன் தொடவில்லையாம்?

"எங்கட கையாலை வாங்கித் திண்டிட்டு எங்களிலை எப்பிடிப் பிழை சொல்லுறது, பிள்ளை? அதுதான் தள்ளி வைச்சவ," என்றார் அம்மா.

"அப்ப முதலே திண்ணப் பண்ணியிருக்க வேணும். முழுக்க நாங்கள்தானே வெண்டிருப்பம்?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நன்றியும் சட்டத்தின் கண்ணில் ஒரு பக்கச்சார்புதான் என்பதும், றோல்ஸால் வென்ற வீட்டில் அம்மாவுக்கு நித்திரை வராது என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.