பவளத்தின் வெறும் பாத்தி

பவளம் தன் பாத்தியைக் கண்டும் காணாதவர்போலத் தாண்டிப் போய்விடுவார். தோட்டத்தின் கடைசியிலிருக்கும் குழாயடிக்குப் போய்க் கை கழுவி, வேலியோரம் நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் திரும்பி வருவார். வந்தும் குனியமாட்டார். ஒரு சுற்று நடப்பார். ரப்பர் பூட்ஸ் நுனியால் காய்ந்த புல்லை அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் தள்ளிவிடுவார். பொழுது போகாத ஒரு ஆன்ட்டி காற்று வாங்க வந்திருக்கிறார் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அவரும் நடக்கிறார்.

பென்டில் ஹில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது அந்தப் பொதுத் தோட்டம். ஆளுக்கு ஒரு துண்டு நிலம். மற்றவர்களின் துண்டுகளில் கத்தரியும் மிளகாயும் கீரையும் நிற்கின்றன. பவளத்தின் துண்டில் காய்ந்த புல் மட்டும் கிடக்கிறது. பக்கத்துப் பாத்திக்காரர் மகாதேவன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாயைச் சும்மா வைத்திருக்க முடியாதவர்.

"என்ன பவளமக்கா, இந்த முறை புல்லு நல்ல விளைச்சல் போல."

"ஓம் தம்பி. உமக்குத்தான் வளக்கிறன்."

பவளத்துக்கு அறுபத்தாறு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதைச் சொல்லும்போது பட்டம் வாங்கியவர் மாதிரிச் சொல்வார். "அஞ்சாம் வகுப்புத்தான். ஆனா இந்த நாட்டில ஒருத்தரிட்டையும் கை நீட்டேல்ல." சண்டை முடிந்த அடுத்த வருடம் வன்னியிலிருந்து கடல் கடந்து இங்கே வந்தவர். கோழி வெட்டும் ஆலையில், குளிர் எலும்புக்குள் இறங்கும் அறையில், பன்னிரண்டு வருடம் நின்றார். அந்தச் சம்பளத்தில்தான் மகன் சுஜீதன் படித்து ஆஸ்பத்திரியில் நர்ஸானான். ரயிலில் பக்கத்துச் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் இரண்டு ஸ்டேஷனுக்குள் இந்தக் கதை முழுவதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். தன் உழைப்பைத் தானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? கையை நம்பி மேலே வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் வாய் பூட்டிக்கொள்ளும். "இண்டைக்கு என்ன சமையல் அக்கா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாலும் போதும், கண் சுருங்கிவிடும். "ஏன் கேக்கிறீர்?" என்பார். கடையில் பருப்பு பாதி விலைக்குப் போனால், "ஏன் உவ்வளவு மலிவு? எங்கையோ ஏதோ முடியப் போகுது" என்று மூன்று பை கூட வாங்குவார். வாங்கிய அரிசியை ஒரே இடத்தில் வைக்கமாட்டார். ஒரு மூட்டை குசினியில் இருக்கும், ஒன்று கட்டிலுக்குக் கீழே போகும், மற்றது சுஜீதனின் கார் டிக்கிக்குள் ஏறும். அவன் தினமும் பத்துக் கிலோ அரிசியோடுதான் வேலைக்குப் போய் வருகிறான். பலமுறை இறக்கி வைத்துப் பார்த்தான். இறக்கிய மூட்டை எப்படியோ மறுபடி ஏறிவிடுகிறது.

பவளம் வன்னியில் சண்டையால் பாதை பூட்டி, வெளியிலிருந்து சாமான் வராமல் கிடந்த காலத்தில் தோட்டம் செய்தவர். உரம் இல்லை, மண்ணெண்ணெய் ஒரு போத்தல் கிடைத்தால் அது பெரிய காரியம். அந்த நாட்களில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். வேளாண்மைப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு அது தோன்றியிருக்காது. "நெல்லு நிண்டா ஊருக்கே தெரியும். வெட்டினா மூட்டை தெரியும். மூட்டை தெரிஞ்சா கணக்கெடுக்க வருவினம். எந்தப் பக்கத்து ஆக்கள் வந்தாலும் கணக்கு ஒண்டுதான், எங்களுக்கு மிஞ்சாது." அதனால் நெல்லை விட்டு வத்தாளை நட்டார். நம் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். கிழங்கு முற்றியதும் கொடியை அறுத்து ஆட்டுக்குப் போடுவார். மேலே காய்ந்த புல்லைப் பரப்பிவிடுவார். தரை வெறுந்தரையாகத் தெரியும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் தோண்டுவார். பதினொரு பேர் அந்த வெறுந்தரையில் நாற்பது நாள் சாப்பிட்டார்கள்.

ஒரே ஒரு முறை மச்சாளிடம் சொன்னார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒரு பாத்தி முழுக்கக் குழி. "பசிச்ச ஆக்கள். நான் கோவிக்கேல்ல," என்பார் பவளம். "ஆனா சொன்னது என்ர பிழை."

அந்தப் பிழையைத்தான் அவர் இங்கே திரும்பச் செய்யவில்லை. ஒக்டோபரில் நட்டார். பெப்ரவரி கடைசியில் கொடியை அறுத்தார். அறுவடை முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு தோட்டக் கமிட்டி ஒரு படிவம் அனுப்பியது. நிலத்தில் இப்போது என்ன பயிர், எத்தனை கிலோ எதிர்பார்க்கிறீர்கள் என்று அதில் கேட்டிருந்தது. பவளம் மகனிடம், "ஒண்டுமில்லை எண்டு எழுது" என்றார். அவனும் எழுதினான். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஈமெயிலுக்கும் பதில் போட விடவில்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை கமிட்டிச் செயலாளர் வர்ஷா நேரிலேயே வந்தாள். திருச்சிப் பெண், குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு. கையில் போனும் அந்தப் படிவமும் இருந்தன.

"ஆன்ட்டி, நீங்களே ஃபார்ம்ல ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஓம். எழுதினனான்."

"ரெண்டு மாசம் சும்மா போட்டா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கவங்களுக்குக் குடுக்கணும், அதான் ரூல். பத்தொன்பது பேர் காத்திருக்காங்க. நாளைக்கு மீட்டிங்ல முடிவு பண்ணிடுவாங்க."

"ஆர் அந்தப் பத்தொன்பது பேர்?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது ஆன்ட்டி."

பவளம் மகாதேவன் பக்கம் திரும்பினார். "கேட்டீரே? அவையின்ர பேர் சொல்ல ஏலாதாம். என்ர கணக்கு மட்டும் வேணுமாம்."

நிலம் கைமாறினால் புதிதாக வருகிறவர் முதல் வேலையாக மண்வெட்டியைத்தான் எடுப்பார். அது பவளத்துக்குத் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தாலும் போய்விடும், திறக்காவிட்டாலும் போய்விடும். மண்ணுக்குள் ஏதாவது கிடந்தால்தான் அவருக்கு நித்திரை வரும். இங்கே வந்து பதினாறு வருடமாகியும் அது மாறவில்லை.

மகாதேவன் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு குறுக்கே வந்தார். "விடுங்கோ பிள்ளை. அக்காவுக்கு வயசு போட்டுது. முந்தி மாதிரி குனிஞ்சு நிமிர ஏலாது. ஏலாதெண்டு சொல்லி நிலத்தைத் திருப்பிக் குடுக்கிறதில என்ன வெக்கம்?"

பவளத்தின் காது மடல் சிவந்தது. சும்மா போட்டவள் என்று படிவத்தில் எழுதியிருப்பதை அவர் தாங்கிக்கொள்வார், அது அவரே எழுதச் சொன்ன பொய். ஏலாதவள் என்று ஒருவர் எதிரில் நின்று சொல்வதை எப்படித் தாங்குவது?

"தம்பி," என்றார், "குழாயடியில போய் ஒரு வாளி தண்ணி கொண்டு வாரும்."

"எனக்குத் தண்ணி வேண்டாமக்கா."

"எனக்கு வேணும்."

மகாதேவன் வாளியோடு போகும்வரை பவளம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வர்ஷாவிடம், "போனைப் பைக்குள்ள வையும்" என்றார். வர்ஷா வைத்தாள். "பையின்ர சிப்பை இழுத்துப் பூட்டும்." இழுத்தாள்.

பவளம் முழங்காலில் இறங்கிப் புல்லை விலக்கினார். மண்வெட்டி எடுக்கவில்லை. பத்து விரலையும் மண்ணுக்குள் விட்டு, அசைத்து, மெல்ல இழுத்தார். ஒரு கொத்தில் ஐந்து கிழங்கு வந்தன. சிவப்புத் தோல், முன்கைத் தடிப்பு, ஒன்றில்கூடப் புழு குத்தவில்லை.

வர்ஷா குந்தி உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் எடுத்து முடிச்சுட்டீங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்."

"அப்பிடித்தான் நினைக்க வேணும்."

"யாரு ஆன்ட்டி இங்க வந்து எடுத்துட்டுப் போகப் போறாங்க?"

"சொல்லிப்போட்டோ வருவினம்?" பவளம் கிழங்கின் மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். "ஏலாதவளின்ர கையாலயோ இது விளைஞ்சது? நீரே பாத்துச் சொல்லும்."

வர்ஷா படிவத்தில் 'ஒன்றுமில்லை' என்பதை அடித்துவிட்டு, சர்க்கரைவள்ளி என்று எழுதினாள். "நிலம் உங்களுக்குத்தான் ஆன்ட்டி. நான் மீட்டிங்ல சொல்லிக்கிறேன். ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருக்கு. மொத்தம் எத்தனை கிலோ வரும்?"

"இவ்வளவுதான்," என்று அந்த ஐந்தையும் காட்டினார் பவளம்.

வர்ஷாவின் கண் புல் பரப்பிய அந்த நீளமான நிலத்தில் மெல்ல ஓடியது. பவளத்துக்குப் பக்கத்து வரிசையில் புல் கொஞ்சம் விலகிக் கிடந்தது. கீழே கிழங்கு பருத்த பருமனில் மண் ஒரு விரல் அகலத்துக்கு வெடித்து, உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. பவளம் எழுந்தார். அரை அடி இடப்பக்கம் நகர்ந்து, அந்த வெடிப்பின்மேல் இரண்டு பூட்ஸையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்.