கெர்ரின் காயப்போடும் அறைகள்

கெர்ரின் பாஸ்கோ படுக்கை விரிப்பை உதறி, கொல்லையில் குடைக்கம்பிகள் மாதிரி விரிந்து சுழலும் துணிக்கொடியின் மூன்றாவது கம்பியில் போட்டுக் கிளிப்பை மாட்டுகிறாள். இரண்டடி பின்வாங்கிப் பார்க்கிறாள். அவிழ்த்து ஐந்தாவது கம்பிக்கு மாற்றுகிறாள். நடுக்கம்பத்தைப் பிடித்து ஒரு சுற்று. “ம்ஹூம், இந்தப் பக்கம் வந்தான்னா செத்தான்” என்று மறுபடி அவிழ்க்கிறாள். தலையணை உறைகள் கூடையிலேயே ஈரவாடை அடிக்கத் தொடங்கிவிட்டன. ஆஸ்திரேலியாவின் இந்தப் பல்லாரட் ஊரில் வெயில் விருந்தாளி மாதிரி வந்து போகும். அதையும் வீணடிக்கிற வீடு இது ஒன்றுதான்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் காற்று இந்தக் கொடியைச் சுற்றிவிட்டது. நாலு விரிப்புகளுக்கு நடுவே நின்றவளுக்கு வந்த வழி தெரியவில்லை. துணிக்கடியில் கணவன் ராஸின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. “பயமாவும் இருந்துச்சு, சிரிப்பாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வந்தா அது கேம்தானே?” அன்றிலிருந்து அதைக் கணினியில் செய்துகொண்டிருக்கிறாள்: ஆடுபவரின் கண் வழியாகவே எல்லாம் தெரியும் புதிர் விளையாட்டு. விரிப்புகளைச் சுழற்றி, அடியில் தெரியும் கால்களை வைத்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்களிடம் சிக்காமல் ஒவ்வோர் அறையாக வெளியேற வேண்டும். எந்த அறையையும் முதலில் இந்தக் கொடியில்தான் காயப்போட்டுப் பார்ப்பாள்.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. அங்கே நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் அட்டைகளின் பின்பக்கமெல்லாம் அவள் அறைகளைப் படம் போட்டுவைப்பாள். பதினோராவது அறையோடு ஓர் அட்டை தவறி ஒரு கிழவர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் விடையோடு வந்தார். “அந்த அறைய முடிச்சவரு அவரு ஒருத்தர்தான். பாவம், அவருக்குப் போயி பல்லைப் புடுங்கிட்டாங்க.”

முதல் வருஷம் திரையில் விரிப்புகள் தகரம் மாதிரி நின்றன. இரண்டாம் வருஷம் ஆடத் தொடங்கி நிற்க மறுத்தன. மூன்றாம் வருஷம் கால்கள் உடம்பை விட்டுத் தனியே நடந்தன. “அந்த வருஷந்தான் நல்லா இருந்துச்சு” என்பாள்.

இப்போது மெல்பர்னில் ஒரு கேம் கண்காட்சி இந்த விளையாட்டைக் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு. நாற்பது பேர் ஆடிப் பார்த்துவிட்டார்கள், எல்லாரும் கேமில் ஊறியவர்கள். கேமே தொடாத ஆள் ஒருவர் ஆடிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. வீட்டிலேயே ஒருவன் இருந்தான். இத்தனை நாள் அவனுக்குக் காட்டாததற்குக் காரணம் உண்டு: “அவன் எதைக் காட்டினாலும் நல்லாருக்குன்னுடுவான்.”

வியாழக்கிழமை மத்தியானம் ராஸைக் கணினி முன்னால் உட்கார வைத்தாள். ஆடுகிறவர் ஆடும்போது செய்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் விதி. கெர்ரின் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். கூரை வேலை செய்யும் ராஸின் கையில் மௌஸ் குருவிக்குஞ்சு மாதிரி இருந்தது. முதல் அறையிலேயே கால்மணி நேரம் நின்றான்.

“கெர்ரின், குனியறதுக்கு எந்த பட்டன்?”

“குனியறதா? எதுக்கு?” விதி போயிற்று.

“அடியில இவ்ளோ இடம் இருக்கே. குனிஞ்சு வெளிய போயிட வேண்டியதுதானே? கொல்லையில தினம் அப்படித்தானே போறேன்.”

நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டன் இல்லாத காரியத்தை அவர்கள் நினைப்பதே இல்லை. குனிய விட்டால் புதிரே இல்லை. அடியில் இருக்கும் இடைவெளியை மூடினால் கால் தெரியாது. கால் தெரியாவிட்டால் விளையாட்டே இல்லை.

“ஈரத்துணிக்கடியில குனியத் தெரியாத பொம்பளை உலகத்துல நான் ஒருத்திதான்” என்றாள் கெர்ரின்.

“தப்பாக் கேட்டுட்டேனா?”

“ஆறு வருஷம் கழிச்சுக் கேட்டே. அதான் தப்பு.”

“நீ எங்க காட்டுனே?”

கெர்ரின் பிஸ்கட் டப்பாவை மூடி மேசையில் வைத்தாள். ராஸ் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “கேம் நல்லாத்தான் இருக்கு, கண்ணு. நாளைக்கு அனுப்பிடுவியா?”

கெர்ரின் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டிருந்தாள். மோவாயை மேசை விளிம்பில் பதித்து, ஒரு கண்ணை இடுக்கி, திரையிலிருந்த விரிப்பின் கீழ் ஓரத்தை, குனிந்து போக வழி தேடுகிறவள் மாதிரி அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ராஸ் வாசலில் கொஞ்சம் நின்றான். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.