வெள்ளிக்கிழமை நிறுத்திய மருந்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது அமீரகத்து அல் ஐனில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து வந்து எத்தனையோ வருஷமாயிற்று. அந்த வீட்டை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வீட்டுக்காரர் கீழக்கரைக்காரர், அல் ஐனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். குடலில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை நர்ஸான என் தலையில் விழுந்தது. படுக்கைப்புண் வராமல் திருப்பிப் போடுவது, வாயைத் துடைப்பது, வலிக்கான மார்பின் சிரப்பை சிரிஞ்சில் அளந்து நாலு மணி நேரத்துக்கொரு தடவை வாயில் விடுவது. கெட்டிக்காரி, ஒரு தடவை காட்டினாலே பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை எனக்கு ஆஃப் என்பதால் பார்த்துவிட்டு வரலாமென்று போனேன். வாசலில் செருப்புக் குவியல். ஜும்மா முடிந்து வந்த ஊர்க்காரர்கள் பதினைந்து பேர் ஹாலில் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, தெரிந்தோ தெரியாமலோ தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார்கள். போகப்போகிறவரிடம் அப்படிக் கேட்பது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் சட்டை மாட்டி, தாடி சீவி, தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்த அந்த மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். யாராவது கையைக் குலுக்கினால் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

அடுப்படிக்குப் போய் அவர் மனைவியிடம் மருந்து கொடுத்தாயா என்று கேட்டேன். விடியற்காலை கொடுத்ததோடு சரியாம். வெள்ளிக்கிழமைகளில் பகல் மருந்தை நிறுத்திவிடுவாளாம். இது மூன்றாவது வெள்ளி. அவர் தூங்கிவிட்டால் வந்தவர்கள் மன்னிப்புக் கேட்காமல் திரும்ப வேண்டியிருக்கும், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று அவருடைய அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"நீங்கதானே சிஸ்டர் சொன்னீக, குடுத்தா தூக்கம் வரும்னு."

சொன்னேன். காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன். அந்தத் தூக்கம் முதல் சில நாள்தான், போகப்போகக் குறையும், வேளை தவறினால் வலி ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பதைச் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் பாடத்தை முடித்துவிட்டு டியூட்டிக்கு ஓடிய புண்ணியவதி நான்.

அந்த ஆத்திரத்தை ஹாலில் போய்க் கொட்டினேன். உங்கள் பாவக் கணக்குத் தீர இவர் துடிக்க வேண்டுமா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அண்ணன் எழுந்தார். நர்ஸ் வேலையோடு நிறுத்திக்கொள், எங்கள் வழக்கத்தில் தலையிடாதே என்றார். நானும் விடுவதாக இல்லை.

அப்போது படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"வந்தவுக, வராதவுக, எல்லாரையும் மன்னிச்சாச்சு. கலாஸ், முடிஞ்சுபோச்சு. அந்த மருந்தக் குடுங்க."

அவள் சிரிஞ்சோடு வந்தாள், எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அரை மணியில் அவர் முகம் தளர்ந்தது, கண் மூடியது. கூட்டம் சத்தமில்லாமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போயிற்று.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மூணு வெள்ளிக்கிழமை, சிஸ்டர். நான் அவுககிட்ட மன்னிப்புக் கேக்கணுமே."

உனக்கு முன்னால் கேட்க வேண்டியவள் நான் என்றேன். அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவரை எழுப்பவில்லை.