பலியாடு வளர்க்கிற வசனக்காரி

பூமி உருண்டையாக இருப்பதற்குக் காரணமே அவள்தான். முதலில் அது தோசைக்கல் மாதிரி தட்டையாகத்தான் இருந்ததாம். அவள் எழுதிய ஒரு ஜோக்கைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்து, உருண்டு உருண்டு, இந்த உருவத்துக்கு வந்துவிட்டது. அவள் பேனா மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரிகளில் வயிற்றில் தையல் போட்டவர்களுக்கெல்லாம் காதில் பஞ்சு வைத்துவிடுவார்கள். நிலாவின் மறுபக்கம் நமக்குத் தெரியாமல் போனதும் அவளால்தான். அது இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்திருக்கிறது.

இனி உள்ளதைச் சொல்லலாம். தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வரும் அரைமணி நேரச் சிரிப்புத் தொடருக்கு அவள் வசனம் எழுதுகிறாள். கதாநாயகன் ஒரு பூட்டு ரிப்பேர்காரர். வீட்டில் அவளுக்கென்று தனி அறை கிடையாது. துணி தேய்க்கும் மேசையின் ஒரு முனையில் லேப்டாப், மறுமுனையில் சட்டைக் குவியல். வசனம் வராத வாரத்தில் சட்டைகள் எல்லாம் கத்தி மாதிரி மடிப்போடு இருக்கும். வசனம் கொட்டுகிற வாரத்தில் வீட்டுக்காரரும், வாலு என்று பெயரெடுத்த பிள்ளையும் கசங்கிப்போய்த் திரிவார்கள்.

எழுதியதைப் படித்துத் திருத்த அலுவலகத்தில் ஒரு ஸ்கிரிப்ட் எடிட்டர் உண்டு. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கத்தரி'. அவர் அறையில் ஒரே சட்டம்தான். அவர் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. தலையாட்டலாம், குறித்துக்கொள்ளலாம், தண்ணீர் குடிக்கலாம். கடைசியில் "சரி சார்" என்று எழுந்து வரலாம்.

வாயைக் கட்டினால் கை சும்மா இருக்குமா? அவள் ஒரு வித்தை கண்டுபிடித்தாள். காப்பாற்ற வேண்டிய வரிக்குப் பக்கத்தில், தெரிந்தே ஒரு மட்டமான ஜோக்கைக் கட்டிவைப்பாள். கத்தரி பாய்ந்து அதை வெட்டுவார். வெட்டிய திருப்தியில் நல்ல வரியை விட்டுவிடுவார். இதற்குப் பலியாடு என்று பெயர். அவளோடு வசனம் எழுதும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் தொடங்கி அங்கே எழுதுகிற எல்லோரும் ஆளுக்கொரு ஆடு வளர்த்தார்கள். கத்தரிக்கு மட்டும் தெரியாது.

அந்த வாரம் அவள் காப்பாற்ற நினைத்த வரி, வீட்டு வாசல் படிக்கட்டில் கிடைத்தது. ஒரு சண்டைக்குப் பிறகு வீட்டுக்காரர் சட்டைப்பையில் சாவியை வைத்துக்கொண்டே, கதவைத் திறக்காமல் படியில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு மழுப்பிவிட்டார். அவர் சொல்லாமல் விட்டதை அவள் பூட்டு ரிப்பேர்காரர் வாயில் வைத்தாள். "இது பூட்டு இல்ல சார், கோவம். உள்ள இருக்கறவங்கதான் திறக்கணும்."

இதை வெட்ட வந்தால் விடுவதில்லை என்று முந்தின நாளே சமையலறையில் அடுப்போடு சண்டை போட்டுப் பழகினாள். எதிர்த்துப் பேசும்போது அவளுக்குக் கை நடுங்கும். அது தெரியாமல் இருக்க ஒரு டம்ளரைப் பிடித்துக்கொள்வாள். உள்ளே இருக்கிற தண்ணீர் மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மறுநாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கத்தரி பக்கத்தைப் புரட்டினார். அந்த வாரத்து ஆடு ஒரு பல்செட். பக்கத்து வீட்டுக்காரரின் வாயிலிருந்து நழுவி வாளிக்குள் விழுகிறது. கத்தரி அதைப் படித்தார். தோள் குலுங்கியது.

"பல்செட்! வாளிக்குள்ள பல்செட்! எங்கேருந்து மேடம் புடிச்சீங்க?"

ஆடு வெட்டுப்படவில்லை. ஆட்டுக்கு மாலை விழுந்துவிட்டது.

"இத அப்படியே படிக்கட்டு சீனுக்குக் கொண்டுவாங்க. அவரு உக்காந்திருக்காரு, மேலேருந்து டொக் டொக்னு உருண்டு வருது. இந்தப் பூட்டு, கோவம்... அது என்னமோ சோகமா இருக்கு. எடுத்துடுங்க."

"முடியாது சார்."

"நான் இன்னும் முடிக்கல."

"தெரியும் சார். நான் ஆரம்பிச்சுட்டேன்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பிரச்சினை வந்தால் அவர் எதையும் பார்க்க விரும்பமாட்டார்.

"மாத்த மனசில்லன்னா சொல்லிடுங்க. இந்த எபிசோட வேற ஆள் எழுதட்டும்."

"தாராளமா எழுதட்டும். அந்த வரிய மட்டும் நான் கூடவே எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் சார், அந்தப் பல்செட்டு நல்ல ஜோக்கே இல்ல. நீங்க வெட்டறதுக்குன்னே வெச்சது."

மேசைக்கு அடியில் சோடாபுட்டி அவள் காலை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"வெட்டறதுக்குன்னேவா?"

"பலியாடு சார். இங்க எல்லாரும் வளக்கறோம்."

"அப்ப நான் இத்தன நாளா வெட்டினதெல்லாம்?"

"பாதி உங்களுக்காகவே தீனி போட்டு வளத்தது சார்."

கத்தரியின் முகம், பல்செட்டை அவரே விழுங்கிவிட்ட மாதிரி ஆனது. அவள் டம்ளரை எடுத்தாள், குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டாள்.

"சரி, சத்தமா படிங்க," என்றார் கத்தரி. "ஒரே ஒருத்தர் சிரிச்சாலும் வரி இருக்கும். இல்லன்னா வரியும் போகும், எபிசோடும் போகும்."

சோடாபுட்டி பக்கத்து வீட்டுக்காரராகவும் அவள் பூட்டு ரிப்பேர்காரராகவும் படித்தார்கள். "ஊர்ப் பூட்டெல்லாம் ரெண்டே நிமிஷத்துல திறப்பீங்க. சொந்த வீட்டு வாசல்ல ஏங்க உக்காந்திருக்கீங்க?"

"இது பூட்டு இல்ல சார், கோவம். உள்ள இருக்கறவங்கதான் திறக்கணும்."

"அடடா! ஆக, கோவத்துக்கு மட்டும் சாவியே கிடையாதுன்னு சொல்றீங்க!"

யாரும் சிரிக்கவில்லை. கத்தரி பென்சிலை எடுத்தார். அது அவள் வரிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வரியில் போய் நின்றது.

"இந்தாளு எதுக்கு உரை சொல்றான்? நல்ல ஜோக்க சொல்லிட்டு அது மேலயே ஏறி உக்காந்துட்டீங்க மேடம். மூச்சு முட்டுது அதுக்கு. இத எடுங்க."

எதிர்க்கத்தான் வாயைத் திறந்தாள். அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சலாக இருந்தது. அடித்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவன் ஒண்ணும் விளக்க வேணாம்," என்றாள். "'கொஞ்சம் தள்ளி உக்காருங்க'ன்னு மட்டும் சொல்லட்டும்."

சோடாபுட்டி வாயில் இருந்த தண்ணீர் மேசை முழுக்கத் தெறித்தது. கத்தரி ஈரமான பக்கத்தைத் தூக்கி உதறினார். அவர் மீசையும் ஆடிக்கொண்டிருந்தது.

"வரி இருக்கட்டும். பல்செட்ட அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

"அது மட்டம் சார்."

"உங்களுக்கு மட்டம். எனக்குப் புடிச்சிருக்கு. இனிமே இங்க ஆடு கட்டாதீங்க."

"நீங்க நல்லத வெட்டாதீங்க சார், நான் எதுக்குக் கட்டறேன்?"

அன்று வீட்டுக்கு வந்து மூன்று பேர் குரலிலும் அவள் நடித்துக் காட்டினாள். வீட்டுக்காரர் 'தள்ளி உக்காருங்க'வுக்குச் சிரித்துவிட்டு, சட்டைப்பையைத் தடவிக்கொண்டார்.

இவ்வளவையும் வாலு எழுதி, சட்டைக் குவியலுக்கு மேலே வைத்தது. அவள் பென்சிலும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். பூமி உருண்ட கதையைப் படித்தாள், சிரிக்கவில்லை.

"இது பலியாடு."

வாலு மோட்டுவளையைப் பார்த்தது.

"நான் இத அடிப்பேன்னு தெரிஞ்சே கட்டி வெச்சிருக்க. எதக் காப்பாத்த?"

பென்சில் கத்தரியைத் தாண்டியது, பல்செட்டைத் தாண்டியது, திரும்பி மேலே ஏறியது. சமையலறைக்குள் போய், டம்ளர் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றது.

"இதத்தானே? எப்படா பாத்த நீ?"

வாலு பதில் சொல்லவில்லை. கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.